இதற்கு முன் வளர்த்த நாய் இப்போது எங்கே?

படிவத்தின் ஒன்பதாவது கேள்வியில் என் பேனா நின்றுவிட்டது. "இதற்கு முன் நாய் வளர்த்ததுண்டா? அது இப்போது எங்கே?"

நாகர்கோவிலில் அடிபட்ட, கைவிடப்பட்ட நாய்களை மீட்டுப் பராமரிக்கும் சில இளைஞர்களிடம் ஒரு நாய் கேட்டிருந்தேன். கேட்டதும் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு பக்கப் படிவம் வந்தது. சொந்த வீடா, வாடகை வீடா, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, வெளியூர் போனால் யார் சோறு வைப்பார்கள்? எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஒன்பதாவதில் மணியின் ஞாபகம் வந்தது. 2011இல் வீட்டை இடித்துக் கட்டும்போது, எஸ்டேட் காவலுக்கு வேண்டும் என்று வந்த ஒருவரிடம் அப்பா அவனைக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனோம். அப்படி ஒரு நாய் இங்கே வரவே இல்லை என்றார்கள். அதை அப்படியே எழுதினேன். இனி நாய் கிடைக்காது என்று நினைத்திருக்க, மறுநாளே கூப்பிட்டு வீட்டைப் பார்க்க வருகிறோம் என்றார்கள்.

வந்த தங்கச்சி உட்காரக்கூட இல்லை. எங்கள் வீடு தக்கலைப் பக்கம். சுற்றி ஐம்பது சென்ட் ரப்பர். கேட்டுக்குக் கீழே இருந்த இடைவெளியைப் பார்த்தாள். கிணற்றின் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று கை வைத்துப் பார்த்தாள். ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில், ரப்பர் பால் உறைய ஊற்றும் ஆசிட் இருந்த கன்னாசு, அதாவது கேன், தரையில் கிடந்தது. "இத பூட்டி வைங்க அக்கா. பால் உறைஞ்ச தட்டுல கிடக்குற தண்ணிய நாய் நக்கிரும்" என்றாள். எத்தனையோ வருடமாக அந்தக் கன்னாசு அங்கேதான் கிடக்கிறது, பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில். கிணற்றுக்கு வலை, கேட்டுக்குக் கம்பி, கொட்டகைக்குப் பூட்டு என்று ஒரு வாரம் வேலை நடந்தது. அதற்குப் பிறகுதான் செம்பி வந்தாள்.

வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டின் கொல்லையில், கட்டிய கயிற்றோடு கிடந்தவள். இரண்டு வயது இருக்கும். காது நுனியில் சின்ன வெட்டு, கருத்தடை செய்ததற்கு அடையாளம். முதல் மூன்று நாள் மாடிப்படிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. யாரும் குனிந்து கூப்பிடாதீர்கள், தொடாதீர்கள், சோற்றை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி, உப்பும் உள்ளியும் சேர்க்காமல் அவித்த சாளை மீனைப் பிசைந்து வைத்தாள். காலையில் தட்டு நக்கித் துடைத்திருந்தது.

ஐந்தாம் நாள் பெரிய தப்பு நடந்தது. கழுத்துப் பட்டையைத் தளர்வாகப் போட்டிருந்தேன், இறுக்கினால் வலிக்குமே என்று. பஸ் ஹாரன் சத்தத்தில் செம்பி தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். ஆனி மாதச் சாரல், நான்கு மணி நேரம் தேடினோம். ரேஷன் கடைத் திண்ணையில் நடுங்கிக்கொண்டு கிடந்தாள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. புது நாய்க்கு நெஞ்சோடு சேர்த்துப் போடும் வார் இன்னும் நல்லது. அப்புறம் உண்ணிக் காய்ச்சல் வந்தது. ரத்தப் பரிசோதனை, நான்கு வாரம் மாத்திரை. தேறிவிட்டாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமா, மஸ்கட்டில் மகனோடு போய் இருக்க முடிவானதும் என்னிடம் வந்தார். அவருடைய டைகருக்கு ஆறு வயது. "மார்த்தாண்டம் சந்தையில விட்டா மீன் தின்னு பிழைச்சிக்கிடும் மக்ளே" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்தது. சந்தையில் ஏற்கெனவே இருக்கும் நாய்கள் புதியதை உள்ளே விடாது மாமா, கடித்துக் குதறிவிடும் என்றேன். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி விட்டுவிட்டுப் போவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொன்னேன். சட்டத்தைவிட, சந்தை நாய்களைப் பற்றிச் சொன்னதுதான் அவரை அசைத்தது.

டைகருக்கு வேறு வீடு கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று. முதலில் கருத்தடை, வெறிநோய் ஊசி, அதைப் பதிந்த அட்டை. பிறகு, டைகர் எப்படிப்பட்டவன் என்று ஒரு தாளில் எழுதினோம். பைக்கைக் கண்டால் துரத்துவான், இடிக்குப் பயப்படுவான், கோழி இருக்கும் வீடு ஆகாது. குறைகளை எழுத வேண்டாம், யாரும் வாங்க மாட்டார்கள் என்றார் மாமா. மறைத்துக் கொடுத்தால் ஒரு மாதத்தில் அவனைத் தெருவில் விடுவார்கள் என்று சொல்லி எழுத வைத்தேன். மகளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கேட்டவருக்கு இல்லை என்றேன். பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட நாய் தேடியவருக்கும் இல்லை. இரண்டாவது ஆளைத் திருப்பி அனுப்பும்போது மணி கண்ணுக்குள்ளேயே நின்றான்.

குலசேகரத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணனும் அண்ணியும் கேட்டார்கள். நானும் மாமாவும் போய் வீட்டைப் பார்த்தோம். அங்கேயும் கிணற்றைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள், ஒத்துவரவில்லை என்றால் வேறு யாருக்கும் கொடுக்காமல் என்னைக் கூப்பிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அண்ணிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். ஒன்பதாவது கேள்விக்கு நான் எழுதிய பதிலைச் சொன்னதும் பேனாவை வாங்கிக்கொண்டார்.

டைகர் படுக்கும் சாக்கைத் துவைக்காமல் கொண்டுபோகச் சொல்லியிருந்தேன், பழைய வாசனை வேண்டும் என்று. மாமா அதை மடித்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். திண்ணை மூலையில் அவரே விரித்துப் போட்டார். இப்போது மஸ்கட்டிலிருந்து ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுகிறார். அண்ணன் போனைச் சாக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைக்கிறார்.