50 மீட்டரில் 40 க்ளிக்: மாற்றி வந்த பட்ஜெட் ஸ்கோப்

என் ஏர் ரைஃபிள் ஸ்கோப்புக்கு (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாரண்டியில் மாற்றிக் கொடுத்த பீஸ் ஒருவழியாகக் கூரியரில் வந்து சேர்ந்தது. வந்த கையோடு தோப்புக்கு எடுத்துப்போய் வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடி) மாட்டிப் பார்த்துவிட்டேன், எலிவேஷன் (மேல்-கீழ் நகர்வு) சுத்தமாக இருக்கிறது. டரட்டில் (திருகு குமிழ்) 40 க்ளிக் போட்டால் குறிக்கோடு 50 மீட்டரில் ஏறக்குறைய 139 மில்லிமீட்டர் நகர்கிறது, திரும்ப 40 போட்டால் கிளம்பிய கோட்டிலேயே வந்து நிற்கிறது. எட்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய 4-12×40 (4 முதல் 12 மடங்கு, 40 மி.மீ முன் லென்ஸ்) ஸ்கோப்பில் இதைப் பார்த்தது எனக்குப் பெரிய சந்தோஷம். விண்டேஜ் (இட-வல நகர்வு) பக்கம் இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் வந்த பீஸ் கதை வேறு. ஜீரோ செய்து (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி திருகி) முடித்து, நாலைந்து நாள் கழித்து எடுத்தால் குரூப் (குண்டுகள் விழுந்த கூட்டம்) வேறொரு இடத்தில் இருக்கும். குரூப் அளவில் குறையில்லை, இடம்தான் மாறும். ரிங் (ஸ்கோப்பை ரைஃபிளில் பிடிக்கும் வளையம்) ஸ்க்ரூ, பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு), ரைஃபிளைப் பிடிக்கிற பிடி என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தாயிற்று. பெல்லட் எப்போதும் அதே ஜேஎஸ்பி எக்ஸாக்ட் 8.44 கிரெய்ன்தான், தலை 4.52 மி.மீ. ஓபன் சைட்டில் (ஸ்கோப் இல்லாத சாதாரணக் குறி) சுட்டால் ரைஃபிள் ஒழுங்காக இருந்தது. ஆக மிச்சம் ஸ்கோப் ஒன்றுதான்.

இதைக் கடைக்காரரிடம் சொன்னால் என்ன பதில் வரும் என்று ஸ்பிரிங் கன் (ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டனால் காற்றை அழுத்திச் சுடும் ஏர் ரைஃபிள்) வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். "சார், ஸ்பிரிங் கன்ல மாட்டினா அப்படித்தான் ஆகும் சார், அது வாரண்டில வராது." வாங்கும்போது அதே கடையின் பக்கத்தில் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது என்று போட்டிருந்தது. பெயர் சொல்ல விரும்பவில்லை, கடைசியில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. இங்கே நம்மிடம் இருப்பதே பெரும்பாலும் ஸ்பிரிங் அல்லது கேஸ் பிஸ்டன்தான் (ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு). 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ, 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம் என்பதால் அந்த எல்லைக்குள் எது மலிவோ அதைத்தான் வாங்குகிறோம். அந்த ரைஃபிளுக்கு என்று விற்றுவிட்டு, அந்த ரைஃபிளில் மாட்டியதால் வாரண்டி கிடையாது என்றால் பிறகு எதற்கு அந்த வாரண்டி அட்டை?

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை, அதையும் சொல்லிவிட வேண்டும். வெடிமருந்துத் துப்பாக்கியில் உதை பின்னோக்கி ஒரு பக்கம்தான். ஸ்பிரிங் கன்னில் இரண்டு பக்கம். பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைஃபிள் பின்னால் வருகிறது, பிஸ்டன் சிலிண்டர் முனையில் அழுத்தமான காற்றில் மோதி நிற்கும்போது ரைஃபிள் வெடுக்கென்று முன்னால் போகிறது. இரண்டும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். கேஸ் பிஸ்டனும் இதே ஜாதிதான், அதில் உதை குறைவு என்று நம்பி யாரும் ஏமாற வேண்டாம். பின்னோக்கி வரும் உதைக்கு மட்டும் உள்ளே லென்ஸைப் பூட்டியிருக்கும் ஸ்கோப், பெரிய ரைஃபிளில் பல வருடம் தாங்கினாலும் நம்முடைய சின்ன .177-இல் (4.5 மி.மீ) சில டப்பா பெல்லட்டுக்குள் உள்ளே ஆட்டம் கண்டுவிடும். பிசிபி (முன்கூட்டியே அழுத்தி அடைத்த காற்றில் சுடும் ரைஃபிள்) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, உதை ஏறக்குறைய இல்லாத வண்டி அது. 10 மீட்டர் போட்டி ஆட்களுக்கும் இல்லை, அவர்களுக்கு ஸ்கோப்புக்கே அனுமதி கிடையாது, டயாப்டர் சைட்தான் (சின்னத் துளை வழியே பார்க்கும் குறி).

ஆகவே ரைஃபிளைக் காரணம் காட்ட முடியாதபடி, ரைஃபிளே இல்லாமல் ஸ்கோப்பின் குறையைக் காட்ட வேண்டும். இந்தப் பதிவு முழுக்க அதற்காகத்தான்.

கோயம்புத்தூர் கணபதி பக்கம் தெரிந்த லேத் பட்டறை ஒன்று இருக்கிறது. கனமான எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கட்டை ஒன்றில் 11 மி.மீ டவ்டெயில் (ரைஃபிள் மேல் ரிங் மாட்டும் தடம் போன்றது) வெட்டித் தரச் சொன்னேன். தம்பி என்ன ஏது என்று கேட்கவில்லை, "நாளைக்கு வாங்கண்ணா, ரெடியா இருக்குமுங்க" என்றான், சொன்னபடி கொடுத்தான். அந்தக் கட்டையில் ரிங்கோடு ஸ்கோப்பை மாட்டி, கட்டையை வைஸில் கடித்துவிட்டால் ஸ்கோப் அசையாது. வைஸ் நிற்கிற மேசைதான் முக்கியம். மரப் பெஞ்சு வேண்டாம், ஆள் சாய்ந்தாலே ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) ஓடும். பம்ப் செட் ரூம் திண்ணையில் சிமெண்டோடு போல்ட் போட்டு நிறுத்தியிருக்கிறேன்.

50 மீட்டரை டேப் வைத்து அளக்க வேண்டும், காலடி வைத்து அல்ல, லேசர் ரேஞ்ச்ஃபைண்டரை நம்பியும் அல்ல. ஒரு மீட்டர் தப்பினால் அளவில் 2 சதவீதம் தப்பும், பிறகு ஸ்கோப்பைக் குறை சொல்ல வழியில்லை. அந்தப் பக்கம் ஒரு பிளைவுட் பலகையில் சார்ட் ஒட்டி, சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, ஸ்கெட்ச் பேனாவில் தடித்த கோடாக, ஐந்தாவது கோடு மட்டும் சிவப்பு. 12 மடங்கில் இது தெளிவாகத் தெரியும், அரை சென்டிமீட்டரைக் கண்ணால் ஊகிக்கலாம். பலகையை நேராக நிறுத்தத் தூக்குக் குண்டு கட்டிக்கொள்ளுங்கள், ரெட்டிகிள் நூலோடு ஒத்துப் போகிறவரை ரிங்குக்குள் ஸ்கோப்பைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் எலிவேஷன் திருகும்போது ரெட்டிகிள் சாய்வாக இறங்கும், விண்டேஜும் கெட்டது போலத் தெரியும்.

அப்புறம் பேரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வது போலத் தெரிவது). முன் லென்ஸில் இருக்கும் ஏ.ஓ. வளையத்தைத் திருப்பி, கண்ணை மேலும் கீழும் அசைத்தாலும் ரெட்டிகிள் கோட்டைவிட்டு நகராத இடத்தில் நிறுத்த வேண்டும். வளையத்தில் 50 என்று பொறித்திருப்பதைப் பார்த்து நிறுத்தக் கூடாது. என்னுடையதில் சரியான இடம் 50-க்கும் 75-க்கும் நடுவில் இருக்கிறது. இந்த விலையில் அது சகஜம், ஒரு வெள்ளை பெயிண்ட் புள்ளி வைத்துவிட்டேன்.

இப்போது கணக்கு. 1 எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) என்றால் 100 மீட்டரில் 29.1 மி.மீ, 50 மீட்டரில் 14.54. கால் எம்.ஓ.ஏ. க்ளிக் 40 போட்டால் 10 எம்.ஓ.ஏ., அதாவது 145 மி.மீ நகர வேண்டும். ஆனால் மலிவு ஸ்கோப் பலவற்றில் க்ளிக் என்பது 100 கஜத்துக்குக் கால் அங்குலம், எம்.ஓ.ஏ. அல்ல. அந்தக் கணக்கில் 139 மி.மீதான் வரும். இரண்டுக்கும் வித்தியாசம் 6 மி.மீ. என்னுடைய புது பீஸ் 139 காட்டுகிறது, டரட் மூடியிலும் 100 கஜத்துக்குக் கால் அங்குலம் என்றுதான் இருக்கிறது, ஆகவே அது குறை இல்லை. பாலிஸ்டிக் ஆப்பில் (குண்டு எவ்வளவு இறங்கும் என்று கணக்கிடும் செயலி) எம்.ஓ.ஏ. என்பதை மாற்றி அங்குலக் கணக்கைத் தேர்ந்தெடுத்தால் போதும். சிலர் இதைப் பார்க்காமலே ஸ்கோப்பைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

முதல் பீஸ் காட்டியது 120-க்குப் பக்கம். அது எந்தக் கணக்கிலும் சேராது. 25 மீட்டருக்கு ஜீரோ செய்த ரைஃபிளில் 50 மீட்டருக்கு என் பெல்லட் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்கும். அதை டரட்டில் ஏற்றி அடிக்கிறோம். ஏற்றியதில் ஏழில் ஒரு பங்கு வராமல் போனால் குறியாக வைத்த பாட்டில் மூடி தப்பிவிடும். குறைவாக நகர்ந்தாலும் எப்போதும் ஒரே அளவில் குறைவாக நகர்ந்தால் பரவாயில்லை, அந்த விகிதத்தை ஆப்பில் போட்டு ஓட்டிவிடலாம். இது திரும்பி வரும்போது கிளம்பிய இடத்துக்கு வரவே இல்லை. 40 மேலே, 40 கீழே போட்டால் ரெட்டிகிள் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் டரட் மூடியில் லேசாகத் தட்டினால், கண் முன்னாலேயே துள்ளிப் பழைய இடத்துக்குப் போகும். ஜீரோ ஏன் நாளுக்கு நாள் மாறியது என்பதற்கு விடை அந்தத் துள்ளல்தான். உள்ளே இருக்கும் எரெக்டர் குழாயை (படத்தை நிமிர்த்தும் லென்ஸ்கள் உள்ள உள்குழாய்) இரண்டு டரட் ஸ்க்ரூவும் ஒரு பக்கம் அழுத்த, எதிர்ப் பக்கம் ஒரு ஸ்பிரிங் தள்ளிப் பிடிக்க வேண்டும். அந்த ஸ்பிரிங்கில் வலு இல்லை, அல்லது குழாய் உட்காரும் இடம் சொரசொரப்பாக இருக்கிறது. க்ளிக் சத்தம் மட்டும் கேட்கும், குழாய் நகராது. அடுத்த ஷாட்டின் உதையில்தான் மெல்ல நகரும்.

இதை அப்படியே வீடியோ எடுத்தேன். ஐபீஸுக்கு (கண் வைக்கும் லென்ஸ்) பின்னால் போனை அடாப்டரில் மாட்டி, டரட்டைத் திருகும் கையும் சத்தமும் பதிகிற மாதிரி இரண்டாவது போன் ஒன்று. வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டம். இன்வாய்ஸையும் சீரியல் எண்ணையும் முதலில் காட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். இதை அனுப்பிய பிறகு ஸ்பிரிங் கன் பேச்சு நின்றது. "சார், பீஸை அனுப்பி வைங்க, செக் பண்றோம்" என்றார்கள். கூரியர் செலவு என் தலையில், பதிலுக்குச் சில வாரம், நடுவில் நினைவூட்டல் மெயில்கள். ரிப்பேர் என்று யாரும் பேசவே இல்லை, வேறு பீஸ் வந்தது. இந்த விலையில் ஸ்கோப்பைத் திறந்து சரிபண்ணுகிற வேலை நம் ஊரில் கிடையாது. திறந்தால் உள்ளே அடைத்த நைட்ரஜன் போய்விடும், பிறகு மார்கழி காலையில் உள் லென்ஸில் பனி கட்டும்.

அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து வாரண்டியை எடைபோடுகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வோர்டெக்ஸ் மாதிரி அமெரிக்க ஸ்கோப் கம்பெனி தருவது நிஜமாகவே நல்ல வாரண்டி: ஆயுள் முழுக்க, பில் கூட கேட்க மாட்டார்கள், கை மாறினாலும் செல்லும். தொலைந்தது, திருடு போனது, வேண்டுமென்றே உடைத்தது, வேலையைப் பாதிக்காத கீறல் இவற்றுக்கு மட்டும் கிடையாது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருப்பவருக்கு அது தங்கம். கோயம்புத்தூரில் இருக்கும் நமக்கு, போக வர கூரியர், சுங்கம், அதற்கு மேல் அமெரிக்காவிலிருந்து ரைபிள் ஸ்கோப் வெளியே வர அந்நாட்டு வணிகத்துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாடு. நம் ஊரில் பில் போட்டு, நம் ஊரில் திருப்பி வாங்கிக்கொள்கிற ஆளிடம் ஒரு வருட வாரண்டி எனக்கு அதைவிடப் பெரிது. பெரிய பெயர் மலிவாகக் கிடைத்தால் கூடுதல் கவனம் வேண்டும். லியூபோல்டு என்ற அமெரிக்க ஸ்கோப் கம்பெனி தன் பெயரில் வரும் போலிகளைப் பற்றி வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது, போலிக்கு வாரண்டி கிடையாது.

ரிங் விஷயமும் சொல்லிவிடுகிறேன், வாரண்டி மறுக்க அடுத்து சொல்லும் காரணம் அதுதான். குழாயில் ரிங் பதிந்த பள்ளம் இருந்தால் பேச்சே இல்லை. மேல் மூடி ஸ்க்ரூவுக்கு 15-18 இன்ச் பவுண்டு போதும், அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். ஆலன் கீயின் நீளப் பக்கத்தைப் பிடித்து முறுக்கினால் அது எங்கேயோ போய்விடும். சின்ன டார்க் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்கோப்பை விட அதுதான் நீண்ட நாள் உழைக்கும். ரிங் வழுக்கிப் பின்னால் நகராமல் இருக்க, ரைஃபிள் மேல் உள்ள துளையில் உட்காரும் ஸ்டாப்பர் பின் வேண்டும், இறுக்கி இறுக்கி நிறுத்தப் பார்ப்பதில் குழாய்தான் நசுங்கும்.

இப்போது விண்டேஜ் சந்தேகம். வலது பக்கம் போகும்போது முதல் இரண்டு மூன்று க்ளிக்குக்கு ரெட்டிகிள் அசையவில்லை, அதன் பிறகு ஒழுங்காகப் போகிறது. இடது பக்கம் அப்படி இல்லை. என் கணிப்பு, ஸ்கோப் மையத்தை விட்டு ஒரு பக்கம் அதிகம் போய்விட்டது, அந்த ஓரத்தில் ஸ்பிரிங் தளர்ந்து நிற்கிறது. கண்ணாடி முறையில் மையம் பார்க்கப் போகிறேன்: முன் லென்ஸை முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டி வைத்து, குறைந்த மடங்கில் பார்த்தால் ரெட்டிகிளும் அதன் நிழலும் இரண்டாகத் தெரியும், இரண்டும் ஒன்றாகும் வரை திருகினால் அதுதான் மையம். அங்கிருந்து மறுபடி அளந்தால் சந்தேகம் தீரும். மையத்திலும் இந்த ஆட்டம் இருந்தால் ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் இன்னொரு வீடியோ அனுப்ப வேண்டியதுதான்.

மையத்தில் ஆட்டம் இல்லை, ஆனால் ரைஃபிளில் ஜீரோ செய்ய மறுபடி அந்த ஓரத்துக்கே போக வேண்டியிருக்கிறது என்றால் ரைஃபிளின் டவ்டெயில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு பக்கவாட்டில் சரிசெய்யும் மவுண்ட் வேண்டும், இங்கே கிடைப்பவை எல்லாம் ஸ்பிரிங் கன் உதைக்கு நிற்குமா என்று நம்பிக்கையில்லை. கணபதி பட்டறைத் தம்பியிடம் ஒரே கட்டையில் வெட்டிய மவுண்ட் கேட்டிருக்கிறேன், அலுமினியம் 6061, அடியில் ஸ்டாப்பர் பின்னோடு. "பின்னு எத்தனை எம்.எம்-ங்க?" என்று கேட்டு நிறுத்தி வைத்திருக்கிறான். ரைஃபிள் மேல் இருக்கும் துளையை வெர்னியரில் அளந்து அவனுக்குச் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் கண்ணாடி வேலையை முடிக்கிறேன். இதே மாதிரி மவுண்ட் செய்து ஓட்டுகிறவர்கள் பின்னின் அளவையும் எந்த ஸ்டீலில் செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.