அறுபத்து மூவர் அன்று கேமராவும் கையுமாக

மயிலாப்பூரைப் பற்றிக் குறும் ஆவணப்படம் எடுக்கிறேன் என்றதும் எல்லோரும் முதலில் கேட்டது "ட்ரோன் ஷாட் இருக்கா?" என்றுதான். கிடையாது. 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலம் எனப்படும் தடைப் பகுதியில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது, முடிந்தாலும் கபாலீசுவரர் கோயில் பங்குனித் திருவிழாவில் நாயன்மார்கள் வலம் வரும் அறுபத்து மூவர் கூட்டத்தின் தலைக்கு மேல் அதைப் பறக்கவிட எனக்கே மனசு வராது. மாட வீதியில் ஒரு மொட்டை மாடி கிடைத்தது, அது போதும். அந்த வீட்டு மாமி போட்ட ஒரே நிபந்தனை: "செருப்ப கீழயே விட்டுட்டு ஏறுப்பா, வடாம் காயறது."

அனுமதிக்கு நிறைய அலைய வேண்டியிருக்கும் என்று பயமுறுத்தினார்கள். மனுவில் எந்தத் தேதி, யார் யார், என்னென்ன கருவிகள், கோயிலுக்குள் எதுவரை என்பதையெல்லாம் தெளிவாக எழுதிவிட்டால் பாதி கேள்விகள் குறைந்துவிடுகின்றன. மூலவர் பக்கம் கேமரா கூடாது என்றார்கள், சரி, படத்துக்கு அது தேவையும் இல்லை. படம் வீதியில்தான் நடக்கிறது.

எது படம் என்று முடிவு செய்ததுதான் கஷ்டம். கபாலீசுவரரைத் தொட்டால் சாந்தோம் வரும், சாந்தோம் வந்தால் போர்ச்சுகீசியர், 1516 என்று பொறித்த லஸ் தேவாலயம், 1896-இல் எழுந்த இப்போதைய சாந்தோம் பேராலயம், பழைய கோயில் கடற்கரையில் இருந்ததா என்ற விவாதம் என்று இழுத்துக்கொண்டே போகும். முதல் எடிட்டில் இத்தனையும் பின்னணிக் குரலில் இருந்தது, பார்த்த நண்பன் "பாடப்புத்தகம் மாதிரி இருக்குடா" என்றான். எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத் திருவிழாவின் எட்டாம் நாளை, அதாவது அறுபத்து மூவர் நாளை மட்டும் வைத்துக்கொண்டோம். அந்த ஒரு நாளுக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது. காலையில் குளக்கரையில் சம்பந்தர் பதிகம் பாடி, இறந்துபோன பூம்பாவையை உயிரோடு எழுப்புகிற நிகழ்ச்சி, அந்தப் பதிகமே மயிலைத் திருவிழாக்களின் பட்டியல்தான்: ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு. ஓதுவார் கடலாட்டு வரியைப் பாடும்போது படத்தில் சாந்தோம் கடற்கரையைக் காட்டினோம், அவ்வளவுதான், விளக்கமே தேவைப்படவில்லை. மதியத்துக்கு மேல் கோலவிழி அம்மன் முன்னே வர, நாயன்மார்கள் சின்னச் சின்னப் பல்லக்குகளில் பின்னால் வருகிறார்கள், கூடவே வள்ளுவரும் வாசுகியும்! அவர்களைக் கண்டதும் என் பக்கத்தில் நின்ற பையன் "மிஸ் சொன்ன திருவள்ளுவர்" என்று கத்தினான், அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

சாமி பல்லக்கைத் தோளில் சுமக்கிற சீர்பாதம் தாங்கிகளில் வயதான ஒருவரிடம் பேட்டி எடுத்தோம். வரலாறு கேட்டால் "அதெல்லாம் ஐயருங்கள கேளுங்க தம்பி" என்று நழுவினார். தோளைக் காட்டச் சொன்னதும் சட்டையை விலக்கினார், தண்டு உட்காரும் இடத்தில் காய்ப்பு ஏறி, தோல் கருத்து வழவழவென்று இருந்தது. அதன் பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார்: திருப்பத்தில் யார் முதலில் கால் வைக்க வேண்டும், முன்னால் போகிறவன் தடுமாறினால் பின்னால் இருப்பவனுக்குத் தோளில் எப்படித் தெரியும், இதெல்லாம். படத்தில் நன்றாக வந்த பகுதி அதுதான்.

இதுபோல எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன், நல்ல லென்ஸை வாடகைக்கு எடுக்கிற காசில் ஒரு நல்ல ரெக்கார்டர் எடுங்கள். தவில், நாதஸ்வரம், நீர்மோர்ப் பந்தலில் கூவுகிறவர், நடுவில் போலீஸ் மைக்கில் "குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள், நகைகள் பத்திரம்" என்று ஓயாத அறிவிப்பு. கேமராவின் மைக்கில் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகத்தான் பதியும். தனி ஆள் ஒருவரை ரெக்கார்டரோடு நாதஸ்வரக்காரர்கள் பக்கத்திலேயே நடக்கவிட்டோம். பின்னணி இசைக்குச் செலவே இல்லை.

ஆனால் படத்தை இணையத்தில் ஏற்றிய அன்றே காப்புரிமைக் கோரிக்கை வந்தது, நாங்கள் வீதியில் பதிவு செய்த நாதஸ்வரம் ஏதோ ஒரு நிறுவனத்தின் ஒலிப்பதிவாம். அதே கீர்த்தனை, வேறென்ன. வெட்டாத ஒலிக்கோப்பு இருந்ததால், அதைக் காட்டி எங்களுடையதுதான் என்று ஆட்சேபம் எழுதினோம், கோரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். படம் முடிந்தது என்று மூலக் கோப்புகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.