சீமெந்து வாசலில் போஞ்சி

மார்ச் 9, 2025

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு மகியங்கனையிலிருந்து வைக்கோல் லொறி அப்புத்தளைக்கு ஏறிவிட்டது. மாடு வளர்க்கிற வீடுகளுக்கு வந்த லோடில் ஆறு கட்டு நாங்களும் இறக்கினோம். மெஷினில் அமுக்கிக் கட்டிய நீள்சதுரக் கட்டுகள். "என்ன டீச்சர், மாடு எப்ப வருது?" என்று கீழ் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) அக்கா கேட்டுவிட்டுப் போனார். மாட்டுக்கு இல்லை, இந்தக் கட்டுகளிலேயே மரக்கறி நடப்போகிறோம்.

லயத்துக்குப் பின்னால் மண் இல்லாமல் இல்லை. ஆனால் அது சரிவு, மண்வெட்டி போட்டால் அடுத்த மழைக்கு வடிகானுக்குப் போய்விடும். தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண் வேறு, pH 4.5 முதல் 5.5 வரை. அதில் கோவா நட்டால் வேர் முண்டு முண்டாக வீங்கி, பகல் வெயிலுக்குச் செடி துவண்டுவிடும். அந்த நோயின் வித்து பத்து வருஷத்துக்கு மேலும் மண்ணில் கிடக்கும். புளிப்பு மண் என்றால் அதற்குக் கொண்டாட்டம். அதனால்தான் மண்ணே வேண்டாமென்று சீமெந்து வாசலில் வைக்கோல்.

மார்ச் 10

கட்டை எங்கே வைப்பது என்று நனைப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிட வேண்டும். ஊறிய பிறகு இரண்டு பேர் சேர்ந்தாலும் அசையாது. கட்டிய நூல் பக்கவாட்டில் இருக்க, அறுபட்ட தாள் முனைகள் வானம் பார்க்க வேண்டும். அப்போதுதான் தண்ணீரும் உரமும் உள்ளே இறங்கும்.

ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டுக்கு அரைக் கோப்பை யூரியா என்று கணக்கு. மாமாவுக்கு மனம் ஆறவில்லை. "2021ல உரத்தைத் தடை செஞ்சப்ப தேயிலைக்கே யூரியா கெடைக்கல. நீ வைக்கோலுக்குப் போடுறியே புள்ள!"

வைக்கோலில் கரிச்சத்து (காபன்) அதிகம், தழைச்சத்து (நைதரசன்) மிகக் குறைவு. அதை மக்கவைக்கிற நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். நாம் கொடுக்காவிட்டால் செடியின் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும், செடி மஞ்சளாகிவிடும். இதையெல்லாம் சொன்னேன். கடைசியில் மூன்று கட்டுக்கு யூரியா, மூன்று கட்டுக்கு அவர் சொன்ன கோழி எரு என்று சமாதானம். எரு என்றால் அரைக் கோப்பை போதாது, ஒவ்வொரு தடவையும் மூன்று கோப்பை.

மார்ச் 16

யூரியாக் கட்டுக்குள் அலவாங்கை (கடப்பாரையை) இறக்கிக் கொஞ்ச நேரம் விட்டு உருவினேன். நுனியைக் கையில் பிடிக்க முடியவில்லை. மக்கும்போது இப்படிச் சூடேறும் கட்டின் நடுவில் 50 பாகை செல்சியஸைத் தாண்டுவதுண்டு. இப்போது நட்டால் வேர் வெந்துபோகும். கோழி எருக் கட்டு இன்னும் வெதுவெதுப்புத்தான். வாசலில் மாட்டுப்பட்டி வாடை.

மார்ச் 24

காலையில் கட்டின் பக்கமெல்லாம் சாம்பல் நிறக் குடைக்காளான். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் அத்தனையும் கறுப்பு மையாக உருகி வைக்கோலில் வடிந்திருக்கிறது. செடிக்குக் கெடுதல் இல்லை, உள்ளே மக்குகிறது என்பதற்கு அடையாளம். சமைக்கலாமா என்று கேட்ட சின்னவனுக்குக் கண்டிப்பாகக் கூடாது என்றேன்.

மார்ச் 29

யூரியாக் கட்டுகளின் சூடு இறங்கிவிட்டது. பத்துப் பன்னிரண்டு நாளில் முடியும் என்பார்கள், இந்தக் குளிரில் அது நீண்டுவிட்டது. அலவாங்கால் பிளந்து, ஒரு பிடி கூட்டெரு போட்டு, சலாது நாற்றையும் கறிமிளகாயையும் இறுக்கி நட்டோம். போஞ்சி விதைக்கு மேலே இரண்டு அங்குலம் கூட்டெரு பரப்பினேன். விதை வெறும் வைக்கோலில் நிற்காது, இடுக்கில் விழுந்துவிடும்.

ஏப்ரல் 6

கோழி எருக் கட்டுகளும் இன்றுதான் தயார். அவற்றிலும் அதே மூன்று பயிரும் நட்டாயிற்று.

ஏப்ரல் 13

நாளை வருஷப் பிறப்பு. பலகார வேலை. தண்ணீர் ஊற்றும் வேலையைப் பின்னேர மழை பார்த்துக்கொண்டது.

ஏப்ரல் 27

அந்த மழைதான் வினை. யூரியாக் கட்டில் சலாதின் அடி இலை வெளுத்துவிட்டது. கட்டுக்கடியிலிருந்து தேயிலைச் சாயம் மாதிரித் தண்ணீர் வடிகிறது, சத்தும் அதோடுதான் போகிறது. பிந்தி நட்ட எருக் கட்டு நல்ல பச்சை. மாமா ஒன்றும் சொல்லாமல் அந்தப் பக்கமே இரண்டு தடவை நடந்தார். இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றுக்கும் எருக்கரைசல்.

நத்தை வேறு. இராத்திரி டோர்ச் அடித்துப் பொறுக்கியதுதான் பலன் தந்தது.

மே 25

போஞ்சி காய்க்கிறது, இன்றைக்குக் கறிக்குப் போதும். செலவே இல்லாத தோட்டம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். வைக்கோல், லொறிக் கூலி, எரு என்று கணக்குப் போட்டால் இந்தப் போஞ்சி சந்தை விலைக்கு மேல்தான் வரும். சலாது மட்டும் பறிக்கப் பறிக்கத் தழைத்து அதை ஈடுகட்டுகிறது. கரட் இதில் போடுவதாக இல்லை, நேராக இறங்க வைக்கோல் வழிவிடாது.

ஜூன் 8

கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக் காற்று) தொடங்கிவிட்டது. கட்டுகள் அரைவாசிக்கு அமுங்கி ஒரு பக்கம் சாய்கின்றன. கறிமிளகாய்க்கு நட்ட தடி வைக்கோலில் நிற்காததால் கூரைக் கம்பியிலிருந்து கயிறு இழுத்துக் கட்டினோம். போஞ்சி ஓய்ந்ததும் நூலை அறுத்து, மக்கியதைக் கூட்டெருக் குவியலில் சேர்க்க வேண்டும். சிறுபோக வைக்கோலுக்கு லொறிக்காரத் தம்பியிடம் மாமா இப்போதே சொல்லிவைத்துவிட்டார்: பத்துக் கட்டு, எல்லாவற்றுக்கும் கோழி எரு. கீழ் லயத்து அக்காவுக்கும் அதில் இரண்டு.