மீட்டர் பெட்டியும் கவியரங்க மேடையும்

மின் கணக்கீட்டாளர் வேலைக்கு நல்ல தொண்டை வேண்டும். இதை எந்தத் தேர்விலும் கேட்பதில்லை. பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அதே தெருவுக்குப் போய், வாசலில் நின்று கூப்பிட்டால், மிக்ஸி, தொலைக்காட்சி, குழந்தையின் அழுகை எல்லாவற்றையும் தாண்டிக் குரல் அடுக்களை வரை போய்ச் சேர வேண்டும். அதட்டுவதுபோல் இருந்தால் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். கெஞ்சுவதுபோல் இருந்தால் கதவே திறக்காது. “அம்மா, மீட்டர்!” என்று கூப்பிடும்போது அந்த ‘மா’வைச் சற்று இழுத்து, ‘மீட்டர்’ என்பதைச் சட்டென்று வெட்டிவிட வேண்டும். கீரை விற்பவர்களும் பழைய பேப்பர் வாங்குபவர்களும் இந்தக் கலையில் என்னைவிடத் தேர்ந்தவர்கள்.

அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டுதான் நான் கவிதை சொல்லப் போனேன்.

சிவகங்கை மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கவியரங்கம் புதிதல்ல. 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் காரைக்குடியில் ஆண்டுதோறும் விழா எடுக்கிறது; நிறைவு நாள் கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில் நடக்கும். பட்டிமன்றம், வழக்காடு மன்றம், கவியரங்கம் என்று மேடைத் தமிழைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு வரியை மேடையில் எங்கே நிறுத்தினால் கைதட்டல் விழும் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். நானும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து அதைக் கற்றவள்தான்.

கவியரங்கத்துக்கென்று ஒரு நடைமுறை உண்டு. தலைமைக் கவிஞர் ஒருவர், பொதுத் தலைப்பு ஒன்று, அதைப் பிரித்து ஆளுக்கொரு துணைத்தலைப்பு. தலைவர் ஒவ்வொருவரையும் கவிதையிலேயே அழைப்பார். அழைக்கப்பட்டவர் முதலில் தமிழை வாழ்த்துவார், பிறகு தலைவரை, பிறகு அவையை. அவையடக்கம் சொல்வார். அதன்பின் தலைப்புக்கு வருவார். தொல்காப்பியமே அவையடக்கத்துக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறது என்பதால் இதைக் குறை சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழு கவிஞர்கள் வரிசையாகத் தமிழை அமுதே, தேனே என்று வாழ்த்தி முடிக்கும்போது பந்தலில் பாதிப் பேர் காபிக்கு எழுந்து போயிருப்பார்கள். மிச்சம் இருப்பவர்கள் கவிஞர்களின் உறவினர்கள்.

பெண்களுக்குக் கிடைக்கும் துணைத்தலைப்பு இன்னொரு வேடிக்கை. பொதுத் தலைப்பு எதுவானாலும் சரி, எங்களுக்கு ‘தாய்’ வந்துவிடும். ‘எட்டுத் திசையும் தமிழ்’ என்றால் ‘தாய்மொழி’. ‘நாளைய பாரதம்’ என்றால் ‘பாரதத் தாய்’. ஆண்களுக்கு அறிவியல், அரசியல், உழவு. பத்து மாதம் சுமந்ததைப் பற்றியும் கருவறையைப் பற்றியும் பாடாத பெண் கவிஞரை எங்கள் வட்டாரத்தில் நான் பார்த்ததில்லை. நானும் பாடினேன். நன்றாகவே கைதட்டினார்கள். எதுகை பிசகாமல் வந்தது, மோனை வந்தது, என் தாயார் மட்டும் அந்தக் கவிதையில் எங்கும் வரவில்லை. எங்கள் அம்மா அப்பளக் கம்பெனிக்குப் போய் வந்தவர். கவிதையில் நான் பாடிய தாயோ நாள் முழுவதும் விளக்கேற்றிக்கொண்டே இருந்தாள்.

மாற்றம் மேடையில் வரவில்லை, வேலையில் வந்தது. இப்போதைய டிஜிட்டல் மீட்டரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். திரையில் யூனிட் மட்டும் நிலையாக நிற்காது. தேதி வரும், நேரம் வரும், வோல்டேஜ் வரும், வேறு ஏதேதோ எண்கள் வரும். நமக்கு வேண்டியது வரும்வரை நிற்க வேண்டும். பொத்தானை அழுத்தி வரவழைக்கலாம். பல பெட்டிகளில் பொத்தானுக்குக் கை எட்டாது, அல்லது அங்கே குளவி கூடு கட்டியிருக்கும். ஆகவே படிக்கட்டின் அடியில், செருப்புகளுக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவில், இருட்டில் கொஞ்ச நேரம் சும்மா நிற்கும்படி ஆகிவிடும். மின்சாரம் ஓட ஓட ஒரு சிறு சிவப்பு விளக்கு இமைத்துக்கொண்டிருக்கும். செலவு அதிகமானால் இமைப்பும் வேகமாகும்.

அந்த நிற்றலில்தான் வரிகள் வரத் தொடங்கின. எழுதிக்கொள்ளக் கை ஒழியாது. கையில் கருவியும் அட்டையும் இருக்கும். அதனால் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடப்பேன். நாலு வீடு தாண்டியும் நினைவில் நிற்கிற வரியை மதியம் சாப்பாட்டு நேரத்தில் எழுதுவேன். மறந்துபோனதைத் தேடியதில்லை. இப்படித்தான் ஒன்று உருவானது:

உங்கள் படிக்கட்டின் அடியில்
ஒரு சிவப்பு விளக்கு இமைக்கிறதே,
கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?
நான் பார்க்கிறேன்.
உங்கள் மகன் வெளிநாடு போன மாதம்
அது மெல்ல இமைத்தது.
மாமியார் படுக்கையில் விழுந்த மாதம்
இராப்பகலாய் இமைத்தது.
எண்ணை எழுதிக்கொண்டு போகிறேன் நான்,
யாரையும் விசாரிக்காமல்.

கிளை நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். அங்கே எனக்குக் கொடுத்திருந்த தலைப்பு, சொல்லவே வேண்டாம், ‘தாயுள்ளம்’. தமிழ் வாழ்த்தில்லாமல், “உங்கள் படிக்கட்டின் அடியில்” என்றே தொடங்கிவிட்டேன். தலைமைக் கவிஞர் நிமிர்ந்து பார்த்தார். கைதட்டல் ஒன்றுமில்லை, தட்டுவதற்கு அதில் எதுகை எங்கும் நிற்கவில்லை. முன் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா, மாமியார் வரி வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூட்டம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஏதோ பாராட்டப் போகிறார் என்று நின்றேன். “ஏம்மா, வேகமாக இமைத்தால் ஐநூறைத் தாண்டிவிடுமா?” என்று கேட்டார். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பது தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பெருங்கவலை. அவர் கவிதையைக் கவனமாகக் கேட்டிருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதன்பிறகு மேடைக்காக எழுதும் முறையையே மாற்றிக்கொண்டேன். தாளில் அழகாக இருக்கும் வரி காதில் செத்துப்போவதுண்டு. ‘வந்தது’, ‘போனது’, ‘இருந்தது’ என்று முடியும் வரிகளைப் பாருங்கள். கடைசியில் இருப்பது குற்றியலுகரம். பெயரிலேயே சொல்லியிருக்கிறார்கள், அது தன் மாத்திரையில் பாதிதான் ஒலிக்கும். வாடகை ஒலிபெருக்கியில் அந்தப் பாதியும் போய்விடும். பின் வரிசைக்கு வரி முடிந்ததா இல்லையா என்றே தெரியாது. நெடிலில் முடித்தால் தெருமுனை வரை போகும். தொடர்ந்து நெடிலாகவே முடித்தால் ஏலம் விடுவதுபோல் இருக்கும். ஆகவே இழுக்க வேண்டிய இடத்தை ஒன்றிரண்டாகச் சுருக்கி வைத்துக்கொள்கிறேன். மூச்சு வாங்கும் இடங்களில் தாளில் சிவப்பு மையால் கோடு போடுகிறேன். ஒரே மூச்சில் சொல்ல முடியாத வரி, பெரும்பாலும் நான் முழுதாக நினைத்து முடிக்காத வரியாகவே இருக்கிறது.

கவியரங்கத்தில் “மறுமுறை! மறுமுறை!” என்று கூட்டம் கேட்பது கவிஞனுக்குக் கிடைக்கும் பெரிய மரியாதை. ஆனால் எனக்கு அதில் ஒரு பயம் உண்டு. அந்தக் குரலுக்கு ஆசைப்பட்டு எழுதத் தொடங்கினால் ஒவ்வொரு நாலாவது வரியிலும் ஒரு வெடி வைக்கச் சொல்லும். இடையில் இருக்கும் மூன்று வரிகளும் திரியாகிவிடும். சிலேடையில் தேர்ந்த சில நல்ல கவிஞர்கள் இப்படியே தங்கள் கவிதையைத் தொலைத்ததை மேடையின் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் இதே கலைக்கு வேறு வடிவம் இருக்கிறது. சிகாகோவில் கட்டடத் தொழிலாளியாக இருந்த மார்க் ஸ்மித் என்ற கவிஞர், 1986இல் ஒரு மது விடுதியில் கவிதைப் போட்டியாக அதைத் தொடங்கினார். ‘ஸ்லாம்’ என்று பெயர். கூட்டத்திலிருந்தே ஐந்து பேரைப் பிடித்து நடுவர்களாக உட்கார வைக்கிறார்கள். பத்துக்கு மதிப்பெண். ஆகக் கூடியதையும் ஆகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மீதியைக் கூட்டுகிறார்கள். மூன்று நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டினாலும் மதிப்பெண் குறையும். எங்கள் மேடையில் தலைவர் ஒரு துண்டுச்சீட்டு நீட்டுவார். கவிஞர் அதைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டுத் தொடர்வார். மதிப்பெண் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை, ஆனால் அந்த மூன்று நிமிடத்தை இரவல் வாங்கினால் நம் கவியரங்கங்கள் பிழைக்கும்.

திருக்குறளில் அவையறிதலுக்கு ஓர் அதிகாரம், அடுத்து அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம். வரிசை சரிதான் என்று இப்போது தோன்றுகிறது. அலுவலகக் கூட்டங்களில் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவள், பெண் கணக்கீட்டாளர்களுக்குக் கணக்கெடுக்கும் பகுதி ஒதுக்கும்போது கழிப்பறை வசதியையும் பார்க்க வேண்டும் என்று எழுந்து சொன்னேன். நெடிலில் முடித்தேன். பின் வரிசை வரை கேட்டது.

எங்கள் பிரிவில் ஒரு கம்பியாளர் இருக்கிறார், என்னைவிட வயதில் சிறியவர். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல மாவட்டங்களிலிருந்து போன ஆட்களில் இவரும் ஒருவர். வயலில் இடுப்பளவு சேற்றில் கம்பம் நட்டதை, அந்த ஊர் மக்கள் தங்களுக்கே சோறில்லாத நேரத்தில் இவர்களுக்குக் கஞ்சி கொண்டுவந்ததை, இரவு மழையில் முதல் விளக்கு எரிந்தபோது ஊரே கத்தியதைப் பொங்கல் விழாவில் சொன்னார். கையில் தாளில்லை. கவிதை என்றும் அவர் சொல்லவில்லை. “கம்பம் பிடி, கம்பம் பிடி” என்று நடுநடுவே வரும்; ஆட்கள் சேர்ந்து கம்பம் தூக்கும்போது போடும் சத்தம் அது. அந்த ஒன்றுக்கு முன்னால் என் சிவப்புக் கோடுகளெல்லாம் பள்ளிக்கூடக் கோடுகளாகத் தெரிந்தன.

எழுதிக் கொடுங்கள், வாசகர் வட்ட மலரில் போடலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் எல்லாம் ‘அறிக்கை’ மாதிரி ஆகிவிடுகிறது என்கிறார். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றும் கேட்டுப் பார்த்தேன். நான் பேனாவை எடுத்தால் அவருக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. எழுதினால்தான் குரல் திருந்தும் என்பது என் கட்சி. “எழுதினால் உங்கள் குரலாகிவிடும் அக்கா” என்பது அவர் கட்சி. சென்ற வாரம் ஃபியூஸ் போட ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தவரிடம் மறுபடியும் பேச்செடுத்தேன். “அடுத்த பொங்கலுக்கும் நான் சொல்வேன், வந்து கேளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.