தேசிக்காய் காப்பாற்றிய நீலம்

கடைசியில் ஒரு படம் நின்றுவிட்டது. ஐந்து நாளாகியும் நீலம் இறங்கவில்லை. மட்டக்களப்பு வாவியின் கல்லடிப் பழைய பாலம், இரும்புச் சட்டம் சட்டமாகத் தெரிகிறது.

இது சயனோடைப், மருந்து பூசிய தாளை வெயிலில் வைத்து நீலமாக அச்சிடும் பழைய ஒளிப்பட முறை. இதற்கு முன் போட்ட பதினொன்றும் குப்பைக்குத்தான் போயின. வெயிலால் எடுக்கும்போது அருமையாக இருக்கும். கழுவத் தொடங்கினால் நீலம் கரைந்து ஓடும். காய்ந்தபின் நைந்த சாரம் போல வெளிறிக் கிடக்கும். முதலில் கரைசலைச் சந்தேகித்தேன். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 சதவீதம், பொட்டாசியம் பெரிசயனைட் 10 சதவீதம், இரண்டு கரைசலும் சமபங்கு, அதில் பிழையில்லை. தாளை மாற்றினேன். வெயிலை 8 நிமிடத்திலிருந்து 15 ஆக்கினேன். ஒன்றும் சரிவரவில்லை.

குற்றவாளி கழுவுகிற கிணற்றுத் தண்ணீர்! கேத்தில் அடியில் சுண்ணாம்பு படிவதைத் தினமும் பார்க்கிறவனுக்கு இது உறைக்க ஒரு மாதம் எடுத்தது. சிவப்புப் பாசிச்சாயத்தாளை (லிட்மஸ்) அதில் நனைத்தேன், மெல்ல நீலமானது. அப்படியென்றால் தண்ணீரில் காரம், அமிலத்துக்கு எதிரானது. இந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. இப்போது அதை முறிக்க, முதல் கழுவலில் ஒரு பேசின் தண்ணீருக்கு ஒரு தேசிக்காய் பிழிகிறேன். வினாகிரியும் வேலை செய்யும், ஆனால் அறை நாறும். கடைசிக் கழுவலுக்குப் போத்தல் தண்ணீர்தான். மாரி தொடங்கினால் பீலித் தண்ணீர் பிடிக்கலாம்.

சிட்ரேட் வாங்குகிறவர்கள் பச்சை நிறத்தது கேளுங்கள். மண்ணிறத்தது மந்தம். எனக்குக் கொழும்பிலிருந்து பார்சலில் வருகிறது, பாதி நேரம் பொட்டலம் கசிந்தபடி.

படத்தைப் பார்த்த பெரியம்மா, "என்ன மனே, செத்த வீட்டுப் படம் மாதிரிக் கிடக்கு?" என்றா. ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பன், "மண்ணிறமாக்கு மச்சான், ஆக்கள் வாங்குவாங்கள்" என்றான். சரி என்று ஒன்றைச் சலவைச் சோடாவில் வெளிறவைத்து, கடும் பிளேன்டீயில் ஊறப்போட்டேன். நன்றாகத்தான் வந்தது. எல்லோரும் மெச்சினார்கள். எனக்குத்தான் இரண்டு நாளுக்கு மேல் பார்க்க முடியவில்லை. போனில் ஒரு பட்டனைத் தட்டினால் வருகிற படம் அது. சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து விடியப்புறம் பார்த்த பாலத்தில் வாவி, வானம், இரும்பு மூன்றுக்கும் ஒரே நிறம். அந்த நிறம் தேநீரில் இல்லை. அதோடு பாலம் திறந்தது 1924இல். அந்தக் காலத்துப் பொறியியலாளர்கள் வரைபடங்களைப் பிரதி எடுத்ததும் இதே நீலத்தில்தான். மண்ணிறப் படத்தை நண்பனுக்கே கொடுத்துவிட்டேன்.

பால வரிசையில் இன்னும் ஏழு படம் பாக்கி. அதற்குள் மருதமுனைக் கைத்தறித் துணி இரண்டு யார் வாங்கிவிட்டேன், கஞ்சி போக அலசிக் காயவும் போட்டாயிற்று. துணியில் அச்சிட்டால் பிறகு சவுக்காரம் காட்டக்கூடாது, அதுவும் காரம். பெரியம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கொடியில் கிடப்பது எதுவானாலும் அவ தோய்த்துவிடுவா.