பெத்த பையனுக்குப் புரோநோட்டு

போன வாரம் பையன் திருப்பூரிலிருந்து வந்தான். வந்ததும் கட்டுத்தரைப் பக்கம் போய்க் கன்றுக்குட்டியைத் தடவிக் கொடுக்கிறவன், அன்றைக்குத் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டான். அப்போதே தெரிந்துவிட்டது.

"அப்பா, 3 லட்சம் வேணுங்க. நாலு ஓவர்லாக் மெசின் பழசுல வருது. ரெண்டு வருசத்துல திருப்பிக் குடுத்தர்றேன்."

குடோனில் மஞ்சள் மூட்டை கிடக்கிறது, விலை ஏறட்டும் என்று வைத்தது. விற்றால் கொடுக்கலாம். ஆனால் மகளுக்கு என்ன பதில் சொல்வது? அவளும் நான் பெத்ததுதானே. கடன் என்றால் புரோநோட்டு எழுதிக் கொடு என்றேன். வீட்டுக்காரி கரண்டியும் கையுமாக வெளியே வந்துவிட்டாள். "பெத்த பையங்கிட்ட நோட்டு எழுதி வாங்கற அப்பன இந்த ஊர்லயே இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்!"

பணம் பேங்க் வழியாகத்தான். வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது, அப்பன் மகனுக்குள் என்றாலும்தான். நோட்டை வைத்துக் கோர்ட்டுக்குப் போகக் கெடு 3 வருடம். இடையில் கொஞ்சம் கட்டி, பின்பக்கம் வரவெழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 வருடம். நான் கோர்ட்டுக்கா போகப் போகிறேன்? இருந்தாலும் தாளில் இருந்தால் நாளைக்கு அண்ணன் தங்கச்சிக்குள் பேச்சு வராது. திரும்பி வராவிட்டாலும் சோத்துக்குக் குறைவில்லாத தொகைதான். தோட்டத்துப் பத்திரத்தைக் கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன்.

வட்டி? அதை எழுத வந்தபோது வீட்டுக்காரி பார்த்த பார்வையில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பைப் பையனே எச்சில் தொட்டு ஒட்டினான், கொஞ்சம் கோணலாக.