ஒரு மணிக்கு விழும் பந்து

பகல் ஒரு மணியாவதற்குச் சில நிமிடங்கள் இருக்கையில், சிட்னி வானாய்வகத்தின் முன்னாலிருந்த புல்வெளியில் நின்ற பத்துப் பதினைந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தோம். கோபுர உச்சியிலுள்ள கம்பத்தில் மேலேற்றி நிறுத்தப்பட்டிருந்த பெரிய உலோகப் பந்து, சரியாக ஒரு மணிக்குக் கீழே இறங்கியது. விழுந்தது என்று சொல்ல மனம் வரவில்லை. வேகமாகப் புறப்பட்டு, அடியை நெருங்கும்போது யாரோ கையால் தாங்கிக்கொண்டதுபோல் அமர்ந்தது. மறுபடியும் விழுமா என்று ஒரு சிறுவன் தன் தாயிடம் கேட்டான். அதற்கு மறுநாள்வரை காத்திருக்க வேண்டும்.

நட்சத்திரங்களைப் பார்ப்பதற்காகக் கட்டிய இடத்தில், உபரியாக நேரம் காட்டும் வேலையும் நடந்திருக்கிறது என்றுதான் நான் எண்ணியிருந்தேன். உண்மை நேர்மாறானது. துறைமுகக் கப்பல்களுக்கு நேரம் அறிவிக்க இங்கே ஒரு பந்துக் கோபுரம் வேண்டும் என்பதே முதல் திட்டம். அது விரிந்து, 1858இல் மணற்கல்லாலான முழு வானாய்வகமாக நிறைவேறியது. கடலில் தீர்க்கரேகையை அறியக் கப்பலின் குரோனோமீட்டர் என்ற துல்லியக் கடிகாரம் சரியாக ஓட வேண்டும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறதென்பதால், கடிகாரம் 4 விநாடி தவறினாலே நிலநடுக்கோட்டருகே ஒரு கடல்மைல் தவறிவிடும். புறப்படுவதற்கு முன் மாலுமிகள் இந்தக் குன்றின்மேலுள்ள பந்தைப் பார்த்துத் தங்கள் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் வானாய்வகத்தின் கடிகாரத்தை யார் சரிபார்ப்பது? விடை, கூரையில் வடக்கு தெற்காகப் பிளவு விட்டுக் கட்டிய ஓர் அறையில் இருக்கிறது. அங்கிருந்த தொலைநோக்கி பக்கவாட்டில் திரும்பாது. வானத்தை நடுவே வகிர்ந்து செல்லும் ஒரே கோட்டில் மேலும் கீழும் மட்டுமே அசையும். இத்தகைய கருவிகளின் கண்வில்லையில் சிலந்தி இழைகளைக் கட்டியிருப்பார்கள். குறிப்பிட்ட நட்சத்திரம் ஒவ்வோர் இழையையும் கடக்கும் கணத்தைக் குறித்து, அதைக்கொண்டு கடிகாரத்தின் பிழையைக் கணக்கிடுவார்கள். ஒரு துறைமுகத்தின் வணிகம் முழுவதும் சிலந்தி நூலில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மற்ற அறைகளைச் சற்று வேகமாகவே கடந்துவிட்டேன். இங்கே மட்டும் அரைமணி நேரத்துக்கும் மேல் நின்றேன்.

எந்த நகரத்துக்காக இது கட்டப்பட்டதோ, அந்த நகரமே இதன் கண்களை மறைத்ததுதான் வருத்தமான செய்தி. 1887இல் பாரிஸில் தொடங்கிய அனைத்துலக நட்சத்திர நிழற்பட அட்டவணைப் பணியில் தென்வானின் ஒரு பட்டை சிட்னிக்கு ஒதுக்கப்பட்டது. நகரின் விளக்கொளியும் அதிர்வும் தாங்காமல், அதற்கான தொலைநோக்கியை அந்த நூற்றாண்டின் இறுதியிலேயே வெகுதூரத்திலிருந்த பென்னன்ட் ஹில்ஸுக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. கண்ணாடித் தகடுகளில் பதிந்த புள்ளிகளை அளந்து எண்ணாக்கியதில் பெண் பணியாளர்களின் உழைப்பு பெரிது. அந்தப் பணி முடியப் பல பத்தாண்டுகள் ஆயின. பக்கத்தில் 1932இல் திறந்த சிட்னித் துறைமுகப் பாலமும், அதன்பின் எழுந்த கட்டடங்களும் வானத்தை மேலும் வெளுக்கவைத்தன. 1982இல் ஆய்வுப்பணி நின்று, இது அருங்காட்சியகமாயிற்று.

ஆயினும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்காத ஒரு பொருள் மேலே இருக்கிறது. சூரியனை வெள்ளி கடந்த 1874ஆம் ஆண்டு நிகழ்வைக் காண வாங்கிய 29 செ.மீ. தொலைநோக்கி அது. இரவு மீண்டும் வந்து, குவிமாடத்தின் இருளில் வரிசையில் நின்று, ஏணிப்படி ஏறிக் கண்ணை வைத்தேன். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த ஆல்ஃபா சென்டாரி நட்சத்திரம், உள்ளே இரண்டு மஞ்சள் பொட்டுகளாகப் பிரிந்து நடுங்கிக்கொண்டிருந்தது. நான் ஊன்றிப் பார்க்கப் பார்க்க இரண்டும் ஓரத்தை நோக்கி நகர, வழிகாட்டி ஒரு திருகைச் சற்றே திருப்பி அவற்றை நடுவுக்குக் கொண்டுவந்தார்.

விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் கைக்கடிகாரத்தைத் திருத்தினேன். பகலில் பந்து இறங்கியபோது அது 40 விநாடி பின்தங்கியிருந்தது. சிட்னியின் அட்சரேகையில் அது சுமார் எட்டுக் கடல்மைல்.